மின்னிசைக்கு மதிப்புரை

காரியவட்டம் விடுதியில் கணினி கொண்டு யான் ஆக்கிய மின்னிசையை நண்பர்கட்குப் போட்டுக் காட்டினேன். "இராகம் எங்கே?" என்றார் ஒருவர், நவராத்திரி மண்டபக் கச்சேரி தவறாதவர். சினந்தேன்.

1969-இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் டியூடர் மூக் மின்னிசைக் கருவியை அமைத்தார். கீதா சாராபாய், அதுல் தேசாய் முதலியோர் 1972 வரை ஒலிநாடாக்களில் பதித்தவை காப்பகத்தில் உறங்கி, 2023-இல்தான் இசைத்தட்டாயின. அரை நூற்றாண்டு, குறை சொல்லவும் ஆளில்லை! என் சினம் தணிந்தது.

பொறியியல் மாணவர் ஒருவர், ஒலியளவு எல்லை மீறியதால் அலையின் முகடு வெட்டுண்டு கரகரக்கிறது என்றார். அளவைக் குறைத்தேன், கரகரப்பு நின்றது. விடுதிச் சமையற்காரரோ, "நடுவிலே உறக்கம் வருகிறது, மோனே" என்றார். அங்கே ஒரு நிமிடத்தை வெட்டினேன். கச்சேரி நண்பருக்கு மட்டும் இன்னும் விடை சொல்லவில்லை.