குடியிருப்போர் பக்கம் நிற்க ஓர் ஆள்

2021 ஆகஸ்டில் சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க் அடுக்குமாடிக் குடியிருப்பில், கை பட்டாலே சுவர்ப்பூச்சு உதிர்வதை அங்கே குடியேறியவர்கள் ஊடகங்களுக்குக் காட்டினார்கள். அதன் பிறகே ஐ.ஐ.டி. வல்லுநர்கள் ஆய்வுக்கு வந்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு இடிந்து விழுந்தது. விரிசலைக் கண்டவர்கள் ஒருவரையொருவர் எச்சரித்து வெளியேறியதால்தான் உயிர்ச்சேதம் இல்லை. இரண்டு இடங்களிலும் கட்டடத்தின் நிலையை முதலில் அறிந்தவர்கள் அதில் வாழ்ந்தவர்கள். அவர்கள் அறிந்தது உரிய மேசைக்குப் போய்ச் சேர ஒரு கேமராவோ ஒரு விபத்தோ தேவைப்பட்டது. இந்த இடைவெளியை நிரப்புவதுதான் குடியிருப்போருக்காகப் பேசும் களப்பணியாளரின் வேலை. அவரை ஒரு சாரார் தொண்டர் என்பார்கள், இன்னொரு சாரார் தூண்டிவிடுபவர் என்பார்கள். இரண்டும் சரியில்லை. ஏழைகளுக்கான வீட்டுவசதித் திட்டத்தில் பொறியாளர் எப்படி ஓர் அங்கமோ அப்படியே இவரும் ஓர் அங்கம். திட்டச் செலவிலேயே இவருக்கும் இடம் வேண்டும்.

சட்டம் இருக்கிறதே, இடையில் ஆள் எதற்கு என்று கேட்கலாம். சட்டத்தின் கதையையே பார்ப்போம். குடிசை மாற்று வாரியம் 1970-இல் அமைந்தது. 2021 முதல் அதன் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். 1971-ஆம் ஆண்டு குடிசைப் பகுதிகள் சட்டப்படி, அரசு அறிவிக்கை செய்த பகுதியில் வசிப்பவரை அதிகாரியின் அனுமதியின்றி வெளியேற்ற முடியாது. நல்ல பாதுகாப்புதான். ஆனால் சென்னையில் 1971-இல் 1,202 பகுதிகள் அறிவிக்கப்பட்டன, 1985-இல் 17 சேர்ந்தன, அதோடு பட்டியல் நின்றுவிட்டது. பின்னர் உருவான பகுதிகளில் வாழ்பவருக்கு அந்தப் பாதுகாப்பு காகிதத்தில்கூட இல்லை. 1985-இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், வாழ்வாதாரமும் வாழும் உரிமையின் பகுதி என்றது. அதே தீர்ப்பு, உரிய முன்னறிவிப்போடு நடைபாதைவாசிகளை அகற்றலாம் என்றும் சொன்னது. ஆக, மிஞ்சுவது நடைமுறைதான்: நோட்டீஸ் வந்ததா, கருத்துக் கேட்டார்களா, மாற்று இடம் எங்கே? இவற்றைக் கேட்க ஆள் இல்லாவிட்டால் தீர்ப்பு நூலகத்தில் தூங்கும்.

கேட்பது எப்படி நடக்கிறது என்பதைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு பகுதியை அகற்றுமுன் கணக்கெடுப்பு நடக்கும். வீட்டுக் கதவில் எண் எழுதுவார்கள், ரேகை பதிவார்கள், டோக்கன் கொடுப்பார்கள். ஒரே கூரையின் கீழ் மகன், மருமகள், பிள்ளைகள் என்று இரண்டு அடுப்பு எரிந்தாலும் பட்டியலில் ஒரே குடும்பமாகிவிடும். வாடகைக்கு இருந்தவர், வெளியூர் வேலைக்குப் போயிருந்தவர், கணவர் பெயரில் மட்டும் ரேஷன் அட்டை உள்ள, அவரால் கைவிடப்பட்ட பெண் – இவர்கள்தான் முதலில் விடுபடுபவர்கள். வீடு இடிபட்ட பிறகு இதைச் சரிசெய்வது மிகக் கடினம். அதனால்தான் அனுபவமுள்ள களப்பணியாளர் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் பட்டியலின் நகலை முன்பே கேட்கிறார். 30 நாளுக்குள் பதில் வந்தாக வேண்டும். நிலம் எந்த சர்வே எண், எவ்வகைப் புறம்போக்கு என்றும் கேட்கிறார். குடிபெயர்ந்த பிறகு பள்ளி மாற்றுச் சான்றிதழ், ரேஷன் கடை மாற்றம், ஒதுக்கீட்டு ஆணையில் எழுத்துப்பிழை, ஓடாத லிஃப்ட் என்று வேலை நீள்கிறது. கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் பல்லாயிரம் குடும்பங்கள் நகரின் நடுப்பகுதியிலிருந்து இப்படித்தான் போய்ச் சேர்ந்தன. அங்கிருந்து மயிலாப்பூருக்கு வந்து நாலு வீட்டில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு 2021 முதல் சாதாரணப் பேருந்தில் கட்டணமில்லை. பெரிய உதவி அது. போக வர ஆகும் நேரத்தை அதனால் திருப்பித் தர முடியாது.

வாரியத்திலேயே சமுதாய வளர்ச்சிப் பிரிவு இருக்கிறதே என்பது முதல் ஆட்சேபம். இருக்கிறது, அதில் மனசாட்சியோடு உழைப்பவர்களும் உண்டு. ஆனால் வீட்டை ஒதுக்குவதும், பராமரிப்புக் கட்டணம் வசூலிப்பதும், குறைக்குப் பதில் சொல்ல வேண்டியதும் ஒரே அமைப்பு. அதன் ஊழியர் அதன் மேல் புகார் எழுதித் தர மாட்டார். களப்பணியாளர்கள் தலையிட்டால் ஆற்றங்கரைப் பணிகள் தாமதமாகும் என்பது அடுத்தது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாற்றங்கரைகளைச் சீரமைக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வெள்ளத்திலிருந்து காப்பதாகச் சொல்லி, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய, மழைக்குத் தண்ணீர் நிற்கும் தாழ்வான பெரும்பாக்கம் பகுதிக்கே மக்களைக் கொண்டுபோனது சரியா? இந்தக் கேள்வியை முதலிலேயே எழுப்பியிருக்க வேண்டியவர் யார்? 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் இடிப்பை எதிர்த்து ஒருவர் தீக்குளித்து இறந்தார். அதன் பிறகு, மக்களிடம் முன்கூட்டியே கருத்துக் கேட்கப்படும் என்று முதல்வர் சட்டமன்றத்தில் உறுதியளித்தார். பேச்சுவார்த்தையில் ஒரு பக்கம் கோப்பும் வரைபடமும் வழக்கறிஞரும் இருக்க, மறுபக்கம் பயம் மட்டும் இருந்தால் அதைக் கருத்துக்கேட்பு என்று சொல்ல முடியாது.

நான் அதிகம் மதிக்கும் ஆட்சேபம் வேறு. வெளியிலிருந்து வருபவர் மக்களின் குரலைத் தன் குரலாக்கிக்கொள்வார், மக்கள் அவரையே நம்பியிருக்கப் பழகிவிடுவார்கள். இந்த ஆபத்து உண்மையானது. ஆனால் களப்பணியாளர் விலகினால் அந்த இடம் காலியாக இருக்காது. படிவம் நிரப்ப, ஒதுக்கீடு ‘வாங்கித் தர’, வீட்டை ரகசியமாகக் கைமாற்றிவிட புரோக்கர் வருவார். அவருக்குக் கொடுக்கும் காசு வட்டிக்கு வாங்கியதாக இருக்கும். எனவே ஆள் வேண்டுமா என்பதை விட, எப்படிப்பட்ட ஆள் என்று கேட்பதே பொருத்தம். 1979-இல் தொடங்கிய பெண்ணுரிமை இயக்கம் போன்றவை சென்னைக் குடிசைப் பகுதிப் பெண்களைத் திரட்டி வீட்டுரிமைக்காகப் போராடின. அந்த வழியில், அந்தந்தக் குடியிருப்பின் பெண்களையே பயிற்றுவித்து இந்தப் பொறுப்பில் அமர்த்தலாம். அவர்களுக்கான சம்பளம் திட்டச் செலவிலிருந்து வரட்டும். ஆனால் பணி நியமனமும் பணிநீக்கமும் வாரியத்தின் கையில் இருக்கக் கூடாது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு போன்ற தனி அமைப்பிடம் இருக்கட்டும். பணிக்காலம், கணக்கெடுப்புக்கு முன்பே தொடங்கி, கடைசிக் குடும்பம் குடியேறி, அதன் பிள்ளைகள் புதிய இடத்தில் ஒரு முழுக் கல்வியாண்டைப் படித்து முடிக்கும்வரையாவது நீடிக்க வேண்டும்.