கம்ப்யூட்டருக்கு நிழல் தானாக விழாது: திரையில் வெளிச்சம் பிறக்கும் கதை

ஒரு பெட்டி. அதற்குள் ஒரு பந்து. பந்து முன்பக்க மூலையில் கிளம்பி, எதிர் மூலையை நோக்கிச் சாய்வாக நகர்கிறது. முதல் காட்சியில் நிழல் பந்தின் அடியிலேயே ஒட்டிக்கொண்டு வருகிறது. பந்து தரையில் உருண்டு பின்னால் போவதாகத் தெரிகிறது. இரண்டாவது காட்சியில் நிழல் பந்தோடு போகாமல், பெட்டியின் முன்பக்கமாகவே நேர்கோட்டில் நகர்கிறது. இப்போது பார்த்தால் பந்து அந்தரத்தில் மேலே எழும்புகிறது!

இத்தனைக்கும் இரண்டு காட்சியிலும் திரையில் பந்து போன பாதை ஒன்றேதான். மாறியது நிழல் மட்டும்.

டேனியல் கெர்ஸ்டன், பாஸ்கல் மமாசியான், டேவிட் நில் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸில் செய்து காட்டிய இந்தச் சோதனை, 1997-ல் ஆய்விதழில் வெளியானது. ஒரு பொருள் தரையில் இருக்கிறதா, மிதக்கிறதா, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையெல்லாம் முடிவு செய்ய நம் மூளை நிழலைத்தான் பெரிதும் நம்புகிறது. ஆனால், நமக்கு இவ்வளவு முக்கியமான அந்த நிழல் கம்ப்யூட்டருக்குச் சுத்தமாகத் தெரியாது என்பதுதான் வேடிக்கை.

கேமராவுக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. வெயிலில் நிற்பவரைப் படம் எடுத்தால் நிழலும் கூடவே வந்துவிடும். முப்பரிமாண சாஃப்ட்வேரில் கதை வேறு. ஒரு மேஜை, மேலே ஒரு டம்ளர், பக்கத்தில் ஒரு விளக்கு வைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டம்ளரின் விளக்குப் பக்கம் பளிச்சென்றும், மறுபக்கம் இருட்டாகவும் மாறும். அதற்கு ஒரு கேள்வி போதும்: இந்தப் புள்ளி விளக்கைப் பார்த்துத் திரும்பியிருக்கிறதா? ஆனால், டம்ளரின் நிழல் மேஜையில் விழ வேண்டுமானால் இன்னொரு கேள்வியையும் கேட்டாக வேண்டும். இந்தப் புள்ளிக்கும் விளக்குக்கும் நடுவே யாராவது மறித்துக்கொண்டு நிற்கிறார்களா? படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும், ஒவ்வொரு விளக்குக்கும் இதைக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் டம்ளர் மேஜைமேல் இருந்தாலும் மிதப்பது போலத்தான் தெரியும்.

பளபளப்பில் தொடங்கிய பயணம்

1970-களில் இந்தத் துறையின் தலைநகரம் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகம். அங்கே படித்த வியட்நாம்காரரான புய் துவோங் ஃபோங், வழவழப்பான பொருளின்மேல் தெரியும் வெளிச்சப் பொட்டைக் கணக்கிட ஒரு சூத்திரம் தந்தார். இயற்பியல் விதிகளிலிருந்து நேராக வந்த சூத்திரம் அல்ல அது. பார்க்கச் சரியாக இருந்தது, சீக்கிரம் கணக்குப் போட முடிந்தது, அவ்வளவுதான். அந்தக் கட்டுரை வெளியான 1975-ம் ஆண்டிலேயே, 32 வயதில் அவர் இறந்துபோனார். அவர் பெயரிலான சூத்திரம் அடுத்த பல பத்தாண்டுகளுக்கு வீடியோ கேம்களிலும் படங்களிலும் பொருட்களைப் பளபளக்க வைத்தது.

அதே யூட்டாவில் அதே ஆண்டில் மார்ட்டின் நியூவெல் தன் வீட்டு டீ கெட்டிலை முப்பரிமாண மாடலாக்கினார். கைப்பிடியின் நிழலும் மூக்கின் நிழலும் கெட்டிலின் உடம்பிலேயே விழும் என்பதால், வெளிச்சத்தைச் சோதித்துப் பார்க்க அது தோதாக அமைந்தது. நிஜக் கெட்டில் இப்போது கலிபோர்னியாவின் கம்ப்யூட்டர் வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நிழலுக்கான வழிகளில் மிக அழகான யோசனை 1978-ல் லான்ஸ் வில்லியம்ஸ் சொன்னது. விளக்கு இருக்கும் இடத்தில் ஒரு கேமராவை வையுங்கள். அந்தக் கேமராவுக்கு எதெல்லாம் தெரிகிறதோ அதெல்லாம் வெளிச்சத்தில் இருக்கிறது. எதெல்லாம் மறைந்துபோகிறதோ அதெல்லாம் நிழல். முதலில் விளக்கின் பார்வையில் ஒரு தூரப் படம் எடுத்துக்கொண்டு, பிறகு நிஜமான காட்சியை வரையும்போது அதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். இன்று உங்கள் மொபைல் கேமில் வீரனின் காலடியில் ஓடும் நிழல் பெரும்பாலும் இந்த வழியில் வந்ததுதான்.

இந்த நுட்பம் 1986-ல் பிக்சார் தயாரித்த 'லக்ஸோ ஜூனியர்' குறும்படத்தில் பேசப்பட்டது. இரண்டே பாத்திரங்கள்: ஒரு பெரிய மேஜை விளக்கு, ஒரு குட்டி விளக்கு. பாத்திரங்களே விளக்குகள் என்பதால் அவை தலையை ஆட்டும்போதெல்லாம் நிழலும் ஆட வேண்டும். கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் மாநாட்டில் படம் முடிந்ததும் அந்தத் துறையின் பெரிய விஞ்ஞானியான ஜிம் பிளின் இயக்குநர் ஜான் லாசெட்டரை நோக்கி வந்தார். நிழல் கணக்கைப் பற்றித்தான் கேட்கப்போகிறார் என்று லாசெட்டர் பயந்துபோனாராம். பிளின் கேட்டது, பெரிய விளக்கு அம்மாவா, அப்பாவா என்று! நிழல் சரியாக விழுந்ததால்தான் அதை மறந்துவிட்டுக் கதையைப் பார்க்க முடிந்தது. ஒளியமைப்புக் கலைஞர்களுக்குக் கிடைக்கும் பாராட்டு பெரும்பாலும் இந்த மாதிரிதான், யாரும் கவனிக்காமல் போவது.

சுவரின் சிவப்பு ஒட்டிக்கொள்ளும்

இன்னொரு பக்கம், வெளிச்சத்தை நிஜமாகவே பின்தொடர்ந்து பார்த்துவிடலாமே என்றொரு கூட்டம். 1980-ல் பெல் ஆய்வகத்தின் டர்னர் விட்டெட் வெளியிட்ட ஆய்வில் கதிர்கள் தலைகீழாக ஓடின. விளக்கிலிருந்து கிளம்பும் கதிர்களில் பெரும்பாலானவை நம் கண்ணுக்கு வந்து சேர்வதே இல்லை. எனவே, கண்ணிலிருந்து கதிரைக் கிளப்பி அது எதில் மோதுகிறது, எங்கே திரும்புகிறது என்று பார்த்தால் வேலை குறையும். கண்ணாடிக் கோளங்கள், கட்டம் போட்ட தரை, அதில் அவற்றின் நிழல். இந்த ஒரே ஒரு படத்துக்கு அன்றைய கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்ட நேரம் 74 நிமிடம்.

அதிலும் ஒன்று குறைந்தது. நிஜ உலகில் நிழல் கன்னங்கரேலென்று இருப்பதில்லை. கதவைச் சாத்திய அறையில் ஒரே ஒரு டியூப்லைட் எரிந்தாலும் கட்டிலுக்கு அடியில் கிடக்கும் செருப்பு தெரிகிறது அல்லவா? சுவரும் தரையும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகின்றன. அப்படி அனுப்பும்போது தங்கள் நிறத்தையும் கொஞ்சம் சேர்த்து அனுப்புகின்றன. மஞ்சள் சுவர் ஓரமாக வெள்ளைச் சட்டை போட்டு நின்றால் சட்டையில் மஞ்சள் ஏறுவது இதனால்தான்.

இதை நிரூபிக்க, கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வண்ணச் சுவர்கள் கொண்ட ஒரு பெட்டியைப் பயன்படுத்தினார்கள். 1984-ல் அவர்கள் வெளியிட்ட கணக்கில், பக்கச் சுவரின் நிறம் மற்ற பரப்புகளில் கசிந்து தெரிந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து நிஜப் பெட்டியையும் கம்ப்யூட்டர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டிச் சோதித்தார்கள். எது நிஜம் என்று பார்வையாளர்கள் சொன்ன பதில், கண்ணை மூடிக்கொண்டு ஊகிப்பதைவிட மேலாக இல்லை. 1986-ல் ஜேம்ஸ் கஜியா, அதுவரை வந்த வழிகளையெல்லாம் ஒரே சமன்பாட்டில் அடக்கினார்.

அப்படியானால் அன்றே எல்லாம் முடிந்திருக்க வேண்டுமே? முடியவில்லை. கஜியாவின் வழியில் கதிர்கள் சீட்டுக் குலுக்கிப் போடுவது போல இஷ்டத்துக்குத் தெறிக்கும். கதிர்கள் குறைந்தால் படம் முழுக்கப் புள்ளிப் புள்ளியாக இரைச்சல். அதைப் பாதியாகக் குறைக்க வேண்டுமானால் கதிர்களை நான்கு மடங்காக்க வேண்டும். ஒரு விநாடி சினிமாவுக்கு 24 படங்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் தயாரிப்பாளருக்குத் தலை சுற்றும்.

எனவே, ஸ்டூடியோக்களில் பல ஆண்டுகள் நடந்தது கைவேலை. சுவரிலிருந்து திரும்பும் வெளிச்சத்தைக் கணக்கிடுவதற்குப் பதிலாக, அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத குட்டி விளக்குகளை ஒளித்து வைத்தார்கள். நிழலே போடாத விளக்கு, ஒரு பாத்திரத்தின்மேல் மட்டும் விழுந்து பக்கத்தில் இருப்பவரைத் தொடாத விளக்கு, ஏன், வெளிச்சத்துக்குப் பதில் இருட்டைப் பாய்ச்சும் விளக்குகூட உண்டு. பிக்சார் 2013-ல் 'மான்ஸ்டர்ஸ் யுனிவர்சிட்டி' படத்தில்தான் திரும்பும் வெளிச்சத்தைக் கம்ப்யூட்டரே கணக்கிடும் முறைக்கு முழுசாக மாறியது. 2018-ல் என்விடியா நிறுவனம் கதிர் கணக்குக்கெனவே தனிப் பகுதி வைத்த கிராஃபிக்ஸ் கார்டுகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அங்கேயும் ஒவ்வொரு பிக்சலுக்கும் விரல்விட்டு எண்ணக்கூடிய கதிர்கள்தான்; மிச்சத்தை ஊகித்து நிரப்புவது வேறு நிரல்.

சரியான நிழல் கிடைத்த பிறகு?

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. நிஜம் போன்ற வெளிச்சம் கைக்கு வந்ததும் நல்ல கலைஞர்கள் அதிலிருந்து விலக ஆரம்பித்தார்கள். 2018-ன் 'ஸ்பைடர்மேன்: இன்டு தி ஸ்பைடர்வெர்ஸ்' நிழலை மெதுவாக மங்க விடாமல், பழைய காமிக்ஸ் அச்சில் வருவது போலப் புள்ளிகளாலும் கோடுகளாலும் போட்டது.

இதைவிட முக்கியமான உதாரணம் லாட்வியாவின் 'ஃப்ளோ'. வெள்ளத்தில் அலையும் ஒரு பூனையின் கதை, வசனமே கிடையாது. இயக்குநர் கின்ட்ஸ் சில்பலோடிஸ் இதை பிளெண்டர் என்ற இலவச சாஃப்ட்வேரில் செய்தார். பிளெண்டரில் இரண்டு வழிகள் உண்டு. 'சைக்கிள்ஸ்' கதிர்களைப் பின்தொடரும். துல்லியம், ஆனால் மெதுவானது. 'ஈவீ' வீடியோ கேம் போல உடனுக்குடன் வரையும். வேகம், ஆனால் குறுக்கு வழிகள் நிறைந்தது. அவர் எடுத்தது ஈவீ. ஒரு ஃபிரேமுக்குச் சில விநாடிகள், அதுவும் அவருடைய சொந்தக் கம்ப்யூட்டரில். 2025-ல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் அதற்குத்தான் போனது. லான்ஸ் வில்லியம்ஸ் 1978-ல் சொன்ன அந்த 'விளக்கில் கேமரா' யோசனையின் வழிவந்த நிழல்கள்தான் அந்தப் பூனையோடு ஓடின.

யாருக்கும் அது குறையாகத் தெரியாததற்குக் காரணம் நம் கண். மூளை ஆய்வாளர் பேட்ரிக் கவனா 2005-ல் எழுதிய கட்டுரையில், ஓவியர்கள் பல நூற்றாண்டுகளாகத் தப்பான நிழல்களை வரைந்தும் பார்த்தவர்கள் கவலைப்படவில்லை என்பதைச் சுட்டிக்காட்டினார். நிழல் தன்னைச் சுற்றியுள்ள பரப்பைவிட இருட்டாக இருக்க வேண்டும் என்பதில் கண் கறார். ஆனால், அதன் வடிவம் கோணலாக இருந்தாலும், திசை தப்பினாலும் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. பந்துச் சோதனையில் நிழலை அப்படி நம்பிய அதே மூளைதான் இங்கே கோட்டை விடுகிறது.

ஓவியருக்கு இது சலுகை. செய்தியைப் படத்தோடு பகிரும் நமக்கு இது ஆபத்து. ஏஐ படக்கருவிகள் ரெண்டரிங் சாஃப்ட்வேர் போல விளக்கை வைத்துக் கதிரைப் பின்தொடர்வதில்லை. கோடிக்கணக்கான படங்களில் நிழல் எப்படி இருந்தது என்ற பழக்கத்திலிருந்து, இங்கே இருட்டு வந்தால் பொருத்தமாக இருக்கும் என்று நிரப்புகின்றன. கண் எதில் கறாரோ அதில் அவை தேறிவிடுகின்றன. கண் எதைக் கண்டுகொள்ளாதோ அதில்தான் சறுக்கல்.

போலிப் படங்களைக் கண்டறிவதில் பெயர்பெற்ற ஹேனி ஃபரீத் குழு 2013-ல் வெளியிட்ட முறையின் அடிப்படை பள்ளிக்கூட வடிவியல்தான். தெருவிளக்கு உச்சி, அதன் நிழலின் உச்சி. மூக்கு நுனி, அதன் நிழல் நுனி. இப்படி ஒவ்வொரு ஜோடியையும் கோட்டால் இணைத்து நீட்டினால், ஒரே விளக்கு என்றால் எல்லாக் கோடுகளும் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும். சூரியன் பின்னால் இருந்தால் அந்தப் புள்ளி படத்துக்கு வெளியே, கீழே எங்காவது விழும். மொபைலில் படத்தைத் திறந்து விரலாலேயே கோடு போட்டுப் பார்க்கலாம். நிழல் நுனி மங்கலாக இருந்தாலோ, கல்யாண மண்டபம் போலப் பத்து விளக்குகள் எரிந்தாலோ இந்தக் கணக்கு உதவாது.

இன்னொன்றும் உண்டு. கோடுகள் சந்திக்கவில்லை என்றால் படத்தில் ஏதோ கோளாறு என்று சொல்லலாம். சந்தித்தால் படம் உண்மை என்று சொல்லிவிட முடியாது. ஏஐ படம் இந்தச் சோதனையில் மாட்டலாம். நடக்காத ஒரு சம்பவத்தை பிளெண்டரில் உருவாக்கி, ஒரே ஒரு சூரியனை வைத்து, சைக்கிள்ஸில் ஓட்டி எடுத்த படத்தில் ஒரு கோடுகூடப் பிசகாது.