தேக்கடி 3 நாள் ட்ரெக்: கடன் வாங்காம போயிட்டு வர 4 கணக்கு

தேக்கடின்னாலே பலருக்கு படகுச் சவாரிதான் ஞாபகம் வரும். 1895-ல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிச்சப்போ காட்டுக்குள்ள உருவானது பெரியார் ஏரி. சுத்தியிருக்கிற காடு இன்னைக்கு புலிகள் காப்பகம். அங்கே கேரள வனத்துறையோட 'டைகர் டிரெயில்'ல 1 இரவு 2 பகல் அல்லது 2 இரவு 3 பகல் நடக்கலாம். வழிகாட்டிகள்ல பலர் ஒரு காலத்துல இதே காட்டுல திருட்டுத்தனமா மரப்பட்டை உரிச்சவங்க. இப்போ அதே காட்டைக் காவல் காக்கிறாங்க. துப்பாக்கியோட ஒரு வனக்காவலரும் கூட வருவார்.

டென்ட், சாப்பாடு எல்லாம் கட்டணத்திலேயே அடங்கிடும். பட்ஜெட் எகிறுறது மத்த செலவுகள்லதான்.

1. முதல்ல இடம், அப்புறம் பஸ்

ஒரு குழுவுல சில பேரைத்தான் அனுமதிப்பாங்க. அதனால ட்ரெக் தேதி உறுதியான பிறகே குமுளிக்கு பஸ் டிக்கெட் போடுங்க. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. மழையால ரத்தானா பணம் திரும்ப வருமான்னு புக் பண்ணும்போதே கேட்டுடுங்க.

2. லீவுக்கும் விலை உண்டு

வெள்ளி, சனி, ஞாயிறு போனா ஒரு நாள் லீவு போதும். ஆனா வியாழன் ராத்திரி பஸ் லேட்டானா, காலையில கிளம்புற ட்ரெக்கே போயிடும். வியாழக்கிழமையே குமுளி போய்ச் சேர்ந்து லாட்ஜ்ல தங்குறது பாதுகாப்பு. லீவு பாக்கி இல்லையா? 30,000 சம்பளத்துல ஒரு நாள் சம்பளப் பிடித்தம் சுமார் 1,000 ரூபாய். அதையும் ட்ரிப் செலவுல சேருங்க.

3. எல்லாத்தையும் வாங்காதீங்க

பேக், ரெயின்கோட் நண்பர்கள்கிட்ட கிடைக்கும். காசு போட வேண்டியது நல்ல ஷூவுக்கு மட்டும்தான். அதையும் ஒரு மாசம் முன்னாடியே வாங்கிப் போட்டு நடந்து பழகுங்க. அட்டைக்கடிக்கு லீச் சாக்ஸ் அவசியம். அங்கேயே தருவாங்களான்னு விசாரிச்சிட்டு வாங்குங்க.

4. பணம் எங்கிருந்து வரும்?

மொத்தச் செலவு 12,000-னு வச்சுக்குவோம். 6 மாசம் இருக்குன்னா மாசம் 2,000. சம்பளம் வந்த மறுநாளே தனி சேவிங்ஸ் அக்கவுன்ட்டுக்கு ஆட்டோ டெபிட் போட்டுடுங்க. அதே 12,000-ஐ கிரெடிட் கார்டுல தேய்ச்சிட்டு மினிமம் டியூ மட்டும் கட்டினா, மாசம் 3.5% வட்டியில முதல் மாசமே சுமார் 420 ரூபாய் போயிடும். வட்டி மேல 18% ஜி.எஸ்.டி. வேற! இ.எம்.ஐ.யா மாத்தினாலும் பல கார்டுகள்ல பிராசஸிங் கட்டணம் உண்டு.

கடைசியா ஒண்ணு: சில விபத்துக் காப்பீடுகள் சாகசப் பயணங்களை விலக்கி வச்சிருக்கும். ட்ரெக்கிங் கவர் ஆகுமான்னு பாலிசியில பாருங்க. எமர்ஜென்சி ஃபண்டைத் தொட்டுத்தான் போக முடியும்னா, தேதியை 3 மாசம் தள்ளிப் போடுங்க. ஏரி அங்கேயேதான் இருக்கும்!

உங்க அடுத்த ட்ரிப்புக்கு மாசம் எவ்வளவு ஒதுக்குறீங்க? கமெண்ட்ல சொல்லுங்க.