கையில் திறப்பு மட்டும் போதுமா?

நீரிழிவு உள்ளவர்களுக்கு வைத்தியர்கள் வழமையாகச் சொல்வது என்ன? நேரத்துக்குச் சாப்பிடுங்கள், மருந்தைத் தவறவிடாதீர்கள், நன்றாக நித்திரை கொள்ளுங்கள், பாதங்களைக் கவனியுங்கள். வீடற்றோர் தங்குமிடத்தில், அதாவது 'ஷெல்ரரில்', இருப்பவருக்கு இந்த நான்குமே கடினம். சாப்பாடு அவர்கள் தரும் நேரத்தில்தான். இன்சுலினை வைக்கச் சொந்தமாகக் குளிர்சாதனப் பெட்டி இல்லை. பலரோடு ஒரே அறையில் படுக்கை. வீடும் ஒரு மருந்து என்று நாம் சொல்வது இதனால்தான்.

ரொறன்ரோ தங்குமிடங்களைப் பயன்படுத்திய ஆண்கள் பற்றிய ஆய்வொன்றை வைத்தியர் ஸ்டீபன் ஹ்வாங் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவர்களுள் 18 முதல் 24 வயது வரையானோரின் இறப்பு வீதம், நகரின் அதே வயது ஆண்களை விட 8 மடங்காக இருந்தது. 2006 இல் மாநகரசபை எடுத்த கணக்கில் வீடற்றோர் சுமார் 5,000 பேர். 2024 இலையுதிர் காலத்தில் அது 15,000 ஐயும் தாண்டியது. உறவினர் வீட்டு சோபாவில் மாதக்கணக்கில் படுத்திருப்பவர்கள் இக்கணக்கில் அகப்படுவதில்லை. எமது சமூகத்தில் இவர்களே அதிகம் என நாம் எண்ணுகிறோம். வெட்கம் காரணமாக வெளியே சொல்வதில்லை.

வீடு முதலில்

முன்பெல்லாம் "முதலில் குடியை நிறுத்து, மருந்தை ஒழுங்காக எடு, பிறகு வீடு பார்க்கலாம்" என்பதே நடைமுறை. 2005 இல் ரொறன்ரோ மாநகரசபை 'ஸ்ட்ரீற்ஸ் ரு ஹோம்ஸ்' திட்டத்தின் மூலம் இதைத் தலைகீழாக்கியது. முதலில் வீடு, அதன் பின்னர் தேவையான ஆதரவு. 2008 இல் மத்திய அரசு 110 மில்லியன் டொலர் ஒதுக்கி, ரொறன்ரோ உட்பட ஐந்து நகரங்களில் இம்முறையைப் பரிசோதித்தது. மனநலப் பாதிப்புள்ள 2,000 க்கும் மேற்பட்ட வீடற்றோர் பங்குபற்றினர். ஆய்வின் கடைசி ஆறு மாதங்களில், வீடும் ஆதரவும் பெற்றவர்களில் 62 வீதமானோர் முழு நேரமும் வீட்டில் இருந்தனர். வழமையான உதவி பெற்றவர்களில் 31 வீதமானோரே அவ்வாறு இருந்தனர். வைத்தியசாலை, தங்குமிடம், பொலிஸ் என அதிக செலவு வைத்த பத்து வீதமானோரில், செலவிட்ட ஒவ்வொரு 10 டொலருக்கும் சராசரியாக 21.72 டொலர் மிச்சமானது.

இரண்டு வகைப் பணம்

முதலாவது, வாடகைப் பணம். ஒன்ராறியோ வேர்க்ஸ் உதவி பெறும் தனி ஒருவருக்கு மாதம் 733 டொலர். அதில் வாடகைக்கு 390 டொலர். இத்தொகை 2018 இன் பின் உயரவில்லை. இந்தக் காசுக்கு ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ற் அறையும் கிடையாது. இந்த இடைவெளியை நிரப்பவே 2020 இல் கனடா - ஒன்ராறியோ வீட்டுக் கொடுப்பனவு வந்தது.

இரண்டாவது, ஆதரவுச் சேவைக்கான பணம். தாதி, மனநல ஊழியர், வீட்டுக்காரருடன் பிரச்சினை வந்தால் பேசித் தீர்ப்பவர் ஆகியோரின் சம்பளம் இது. கட்டடத்துக்கு ஒருமுறை பணம் கிடைத்தால் போதும். சம்பளம் ஆண்டுதோறும் வேண்டும். மத்திய அரசின் 2020 துரித வீடமைப்புத் திட்டம் கட்டடத்துக்கு மட்டுமே பணம் தந்தது. சம்பளத்துக்கு நகரம் மாகாண அரசை எதிர்பார்க்க வேண்டியிருந்தது. திறப்பை மட்டும் கொடுத்துவிட்டு எவரும் எட்டிப் பார்க்காவிட்டால், நோயாளி மீண்டும் தங்குமிடத்துக்கே வந்து சேருவார்.

நாம் செய்யக்கூடியவை

1. வாடகை கட்ட முடியாமல் நோட்டீஸ் வந்தால் உடனே வீட்டை விட்டு வெளியேறாதீர்கள். வாடகைச் சபையின் உத்தரவின்றி உங்களை வெளியேற்ற முடியாது. (வீட்டுச் சொந்தக்காரரோடு சமையலறையையோ குளியலறையையோ பகிர்பவர்களுக்கு இச்சட்டம் பொருந்தாது.) வாடகை வங்கியின் உதவி பற்றி 211 இல் கேளுங்கள்.

2. இன்றிரவு தங்க இடமில்லை என்றால் மாநகரசபையை 416-338-4766 இல் அழையுங்கள்.

3. தங்குமிடத்தில் இருப்பவர் வருமான வரிப் படிவத்தை நிரப்பி, அடையாள அட்டையைத் தயாராக வைத்திருக்க வேண்டும். வீட்டுக் கொடுப்பனவுக்கு அங்குள்ள ஊழியரே பெயரைப் பரிந்துரைப்பார்.

4. புதிய கட்டடம் பற்றி அரசியல்வாதிகள் அறிவிக்கும்போது, "ஊழியர்களின் சம்பளத்தை யார் தருவார்கள்?" என்று கேளுங்கள்.

வீடு கிடைத்தவருக்கு முதல் சில மாதங்களில் தனிமைதான் பெரிய நோய். எமக்குத் தெரிந்த ஒருவர் அப்படி இருந்தால், ஒரு நேரச் சாப்பாட்டோடு போய் அவர் கதவைத் தட்டுவோம்.