வாடிக்கையாளர் எந்தப் பக்கத்தில் நிற்கிறார்? – இணையதள மெனு பற்றி ஒரு விளக்கம்

நம் உறுப்பினர்களில் பலர் இப்போது கடைக்கென்று இணையதளம் வைத்திருக்கிறார்கள். அதைச் செய்து கொடுப்பவர்கள் படங்களையும் வண்ணங்களையும் காட்டி நம்மை மகிழ வைத்துவிட்டு, சின்ன வேலை ஒன்றை அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். பக்கத்தின் தலையில் 'முகப்பு, அரிசி, பருப்பு, எண்ணெய், மசாலா, மொத்த விலை' என்று வரிசையாக மெனு இருக்கிறதல்லவா? அதில் வாடிக்கையாளர் இப்போது பார்த்துக் கொண்டிருக்கும் பிரிவின் பெயர் மட்டும் தனித்துத் தெரிய வேண்டும். அதுதான் அந்த வேலை.

இது இல்லாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். நம் உறுப்பினர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம். அவருக்குச் சில்லறையும் உண்டு, மொத்தமும் உண்டு. தளத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பக்கம். அதே படங்கள், அதே சரக்குப் பெயர்கள், கிலோ விலை மட்டும் வேறு. 'மூட்டையாக எடுப்பவர்களுக்கு மட்டும்' என்ற வரி பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் கிடந்தது. மெஸ் நடத்தும் அம்மா ஒருவர், பல வருட வாடிக்கை, யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய இணைப்பைத் தட்டி நேராக மொத்த விலைப் பக்கத்தில் போய் இறங்கினார். விலையைப் பார்த்துவிட்டுப் பத்து கிலோ துவரம் பருப்புக்குப் போனில் ஆர்டர் சொன்னார். பில் சில்லறை விலையில் போயிற்று. "தளத்தில் ஒரு விலை, பில்லில் ஒரு விலையா?" என்று கேட்டு, சரக்கைத் திருப்பி அனுப்பி, மாதக் கணக்கையும் முடித்துக் கொண்டார். போட்ட விலையில் தப்பில்லை. அவர் நிற்பது எந்தப் பக்கம் என்று சொல்லத்தான் அங்கே ஆளில்லை.

நம் கடைக்குள் வருகிறவருக்கு எதிரே கல்லா, ஒரு பக்கம் மூட்டைகள், உள்ளே எண்ணெய் டின்கள். கண்ணை மூடினாலும் மசாலா எந்தப் பக்கம் என்று மூக்கு சொல்லிவிடும். இணையதளத்தில் இந்த உதவி ஒன்றும் கிடையாது. அமெரிக்கரான ஸ்டீவ் க்ரக், 2000-ல் வெளிவந்த தமது 'டோன்ட் மேக் மீ திங்க்' என்ற நூலில், பெரிய கடையில் பொருள் தேடுவதோடு ஒப்பிட்டு இதையே விளக்குகிறார். நீங்கள் இங்கே இருக்கிறீர்கள் என்னும் அடையாளம் பளிச்சென்று தெரிய வேண்டும், வடிவமைப்பாளர்கள் நாசூக்காகச் செய்வது பார்ப்பவர் கண்ணில் படுவதில்லை என்பதும் அவர் கருத்து. அதிலும் கூகுள் வழியாகவோ வாட்ஸ்அப் வழியாகவோ வருகிறவர் முகப்பைப் பார்ப்பதே இல்லை. கூரையைப் பிரித்துக்கொண்டு நடுக்கடையில் குதிப்பவர் அவர்.

எப்படிக் காட்டுவது? எழுத்தின் நிறத்தை மட்டும் மாற்றினால் போதாது. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள் இருக்கிறார்கள், ஆண்களில்தான் அதிகம். உச்சி வெயிலில் போன் பார்ப்பவருக்கும் நிறம் மங்கிவிடும். நிறம் ஒன்றை மட்டும் நம்பிச் செய்தி சொல்லாதே என்று இணையத் தரங்களை வகுக்கும் உலக அமைப்பான டபிள்யூ3சி, 2008-ல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே சொல்லியிருக்கிறது. ஆகவே தடித்த எழுத்து, அடியில் கனமான கோடு, பின்னால் ஒரு பட்டை இவற்றில் ஒன்றையாவது நிறத்தோடு சேர்க்கச் சொல்லுங்கள். எழுத்துக்கும் பட்டைக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு 4.5-க்கு 1 என்ற விகிதத்துக்குக் குறையக் கூடாது என்பதும் அதே வழிகாட்டியில் உள்ள கணக்கு. பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள் உண்டு. அதற்காக 'ஏரியா-கரண்ட்' என்ற குறிப்பை மெனுவில் சேர்த்தால், 'இதுவே இப்போதைய பக்கம்' என்று அது சொல்லிவிடும். 2017 முதல் இது டபிள்யூ3சி-யின் தரத்தில் இருக்கிறது.

வேலை உள்ளே எப்படி நடக்கிறது என்பதும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் சாக்குச் சொல்லிவிடுவார்கள். ஒரு வழி, ஒவ்வொரு பக்கத்திலும் கையால் அடையாளம் போடுவது. நாலைந்து பக்கத்துக்குச் சரி. ஆனால் பருப்புப் பக்கத்தை நகலெடுத்து எண்ணெய்ப் பக்கம் செய்யும்போது அடையாளத்தை மாற்ற மறந்தால், எண்ணெயைப் பார்ப்பவருக்கு மெனு 'பருப்பு' என்று காட்டும். அடையாளமே இல்லாததைவிட இது மோசம். இன்னொரு வழி, பக்கத்தின் முகவரியையும் மெனுவில் உள்ள முகவரியையும் ஒப்பிட்டு, பொருந்துவதைத் தளமே தனித்துக் காட்டுவது. இதிலும் இரண்டு இடத்தில் சறுக்குவார்கள். முகப்பின் முகவரி எல்லாப் பக்க முகவரிகளின் தொடக்கத்திலும் இருப்பதால், தொடக்கம் பொருந்தினால் போதும் என்று எழுதிவிட்டால் 'முகப்பு' எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். முழுவதும் பொருந்த வேண்டும் என்று எழுதிவிட்டாலோ, பருப்புக்குள் இருக்கும் துவரம் பருப்பின் தனிப் பக்கத்துக்குப் போனதும் ஒன்றுமே எரியாது. முகப்புக்கு முழுப் பொருத்தம், மற்றப் பிரிவுகளுக்குத் தொடக்கப் பொருத்தம் என்று கேளுங்கள். சில வரி வேலைதான். இதற்கென்று தனிக் கூலி கேட்டால், நம் பார்வையில் அது நியாயமில்லை.

போனில் இன்னொரு சிக்கல். மெனு மூன்று கோட்டுக்குள் ஒளிந்திருக்கும், அடையாளமும் அதோடு மறைந்துவிடும். எனவே பக்கத்தின் தலைப்பாகவே 'மொத்த விலை – மூட்டைக்கு மட்டும்' என்று பெரிதாக எழுதச் சொல்லுங்கள். மேற்படி உறுப்பினர் இப்போது அப்படித்தான் செய்திருக்கிறார்.

பாக்கிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன், தளத்தின் நடுப் பக்கம் ஒன்றைத் திறந்து, போனை இதற்கு முன் அந்தத் தளத்தைப் பார்த்திராத ஒருவர் கையில் கொடுங்கள். நம் வீட்டுப் பெரியவர்களாக இருந்தால் நல்லது. "இது எந்தப் பிரிவு?" என்று கேளுங்கள். திரையில் தேடாமல் சொல்லிவிட்டால் சரி. பிறகு அதே பக்கத்தைக் கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்து, பின்னணிப் பட்டை அச்சில் விழாது என்பதால் திரையைப் படம் பிடித்து அந்தப் படத்தை எடுத்து, மறுபடி ஒரு முறை வேறொருவரிடம் கேட்டுப் பாருங்கள்.