எம்பிபிஎஸ் தாய்மொழியில் முடியுமா? 1910-ல் சீனாவுக்குப் போன ஒரு புத்தகம் சொல்லும் பதில்

2022 அக்டோபரில் போபாலில் ஒரு விழா. எம்பிபிஎஸ் முதலாண்டுக்கான உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் ஆகிய மூன்று பாடநூல்களை மத்தியப் பிரதேச அரசு இந்தியில் வெளியிட்டது. உடனே இரண்டு அணிகள் கிளம்பின. 'தாய்மொழியில படிச்சாதான் ஆழமாப் புரியும்' என்றது ஒரு அணி. 'இங்கிலீஷ் வார்த்தைய அப்படியே தேவநாகரியில எழுதி வச்சா அது மொழிபெயர்ப்பா?' என்று கேட்டது இன்னொன்று.

தமிழில் மருத்துவப் படிப்பு என்ற பேச்சு வரும்போதெல்லாம் இங்கேயும் இதே சண்டைதான். ஆனால் இது புதுசு இல்லை. நூறு வருடங்களுக்கு முன்பே ஒரு நாடு இதே கேள்வியோடு மல்லுக்கட்டியது. அந்தக் கதையின் நடுவில் ஒரு புத்தகம் இருக்கிறது.

அது என்ன புத்தகம்?

பெயர், 'தி பிரின்சிபிள்ஸ் அண்ட் பிராக்டிஸ் ஆஃப் மெடிசின்'. எழுதியவர் வில்லியம் ஆஸ்லர். கனடாவில் பிறந்தவர். 1889-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் தலைமை மருத்துவர்.

மருத்துவமனை திறந்துவிட்டது. ஆனால் பணப் பற்றாக்குறையால் மருத்துவக் கல்லூரி 1893 வரை திறக்கவில்லை. வகுப்பு எடுக்க மாணவர்கள் இல்லாத அந்த இடைவெளியில் ஆஸ்லர் உட்கார்ந்து எழுதினார். 1892-ல் நியூயார்க்கின் ஆப்பிள்டன் நிறுவனம் வெளியிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள், ஒரே தொகுதி, ஒரே ஆசிரியர். முதல் அத்தியாயம் டைபாய்டு.

இந்தப் புத்தகத்தின் ஸ்பெஷல் என்ன? நேர்மை. ஒரு நோய் எப்படித் தொடங்கும், எப்படி வளரும், இறந்தவரின் உடலைத் திறந்து பார்த்தால் உள்ளே என்ன தெரியும் என்று அவர் துல்லியமாக எழுதினார். ஆனால் சிகிச்சைப் பகுதிக்கு வரும்போது, பல நோய்களுக்கு உருப்படியான மருந்து இல்லை என்பதை மறைக்கவில்லை.

பாதிரியார் படித்தார், பணம் வந்தது

1897 கோடைக்காலம். ஃபிரெடரிக் கேட்ஸ் என்பவர் விடுமுறையில் இந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தார். அவர் டாக்டர் இல்லை. முன்னாள் பாப்டிஸ்ட் பாதிரியார். எண்ணெய் அதிபர் ஜான் டி. ராக்ஃபெல்லர் எதற்கெல்லாம் நன்கொடை கொடுக்கலாம் என்று ஆலோசனை சொல்வதுதான் அவர் வேலை. தெரிந்த மருத்துவ மாணவர் ஒருவர் பரிந்துரைத்தார் என்பதற்காக, பக்கத்தில் ஒரு மருத்துவ அகராதியை வைத்துக்கொண்டு முழுசாகப் படித்து முடித்தார்.

படித்ததும் அவருக்குக் கிடைத்தது அதிர்ச்சி. அன்றைய மருத்துவத்தால் உண்மையிலேயே குணப்படுத்த முடிந்த நோய்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்! மற்றவற்றுக்கு ஆராய்ச்சியே நடக்கவில்லை. உடனே ராக்ஃபெல்லருக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். அதன் தொடர்ச்சியாக 1901-ல் நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் உருவானது. முதலில் ஒதுக்கப்பட்டது 10 ஆண்டுகளுக்கு 2 லட்சம் டாலர்.

'எங்களுக்குத் தெரியாது' என்று ஒரு பாடநூல் ஒப்புக்கொண்டதால் ஒரு ஆராய்ச்சி நிறுவனமே பிறந்தது. இந்த ராக்ஃபெல்லர் பணம் கதையின் கடைசியில் மறுபடியும் வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பாடநூலுக்கும் எக்ஸ்பைரி உண்டு

கேட்ஸ் படித்துக்கொண்டிருந்த அதே 1897-ல், ஆகஸ்ட் 20 அன்று, நம் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் ஒரு கொசுவின் வயிற்றில் மலேரியா கிருமியைக் கண்டுபிடித்தார். ஆஸ்லரின் 1892 பதிப்பில் மலேரியா ஒட்டுண்ணி பற்றி விவரம் உண்டு. அது கொசு வழியாகப் பரவுகிறது என்பது இருக்க வாய்ப்பே இல்லை. 1895-ல் எக்ஸ்ரே வந்தது. 1905-ல் சிபிலிஸ் கிருமி பிடிபட்டது. 1910-ல் அதற்கான சால்வர்சன் மருந்து சந்தைக்கு வந்தது.

இன்னொரு உதாரணம். நிமோனியா வந்த திடகாத்திரமான நோயாளிக்கு ரத்தத்தை வெளியேற்றுவது சில நேரம் உதவும் என்று ஆஸ்லரே முதல் பதிப்பில் எழுதியிருந்தார். இன்று எந்த மாணவராவது அதைப் படித்துவிட்டு வார்டுக்குப் போனால் என்ன ஆகும்?

அதனால்தான் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புத்தகத்தைத் திருத்தி எழுதினார். 1895, 1898, 1901 என்று பதிப்புகள் வரிசையாக வந்தன. 1912-ல் வந்த 8-வது பதிப்பில் தாமஸ் மெக்ரே என்ற மருத்துவரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். 1919-ல் ஆஸ்லர் இறந்தார், புத்தகம் நிற்கவில்லை. வேறு மருத்துவர்கள் திருத்த, 16-வது பதிப்பு 1947-ல் வெளிவந்தது. 

இப்போது மொழிபெயர்ப்பாளரின் நிலைமையை யோசியுங்கள். மூலநூலே ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் பின்னாலேயே துரத்த வேண்டும்.

சீன மொழிக்கு எப்படிப் போனது?

பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் மொழிகளில் இந்தப் புத்தகம் வந்ததில் பெரிய ஆச்சரியம் இல்லை. அங்கெல்லாம் மருத்துவச் சொற்கள் ஏற்கெனவே இருந்தன. சவால் சீனத்தில்தான். 1910-ல் அதைச் சீன மொழியில் கொண்டுவந்தவர் பிலிப் கவுஸ்லாண்ட். தென் சீனாவில் பல வருடங்கள் வேலை பார்த்த ஸ்காட்லாந்து மிஷனரி டாக்டர்.

சரி, இதுல என்ன கஷ்டம்? ஒரே ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்வோம்: நரம்பு.

1851-ல் குவாங்சோவில் பெஞ்சமின் ஹாப்சன் என்ற ஆங்கிலேய டாக்டர் சீன மொழியில் ஓர் உடற்கூறியல் நூல் வெளியிட்டார். அதில் நரம்புக்கு அவர் பயன்படுத்தியது 'மூளையின் உயிர்க்காற்று ஓடும் நாண்' என்று பொருள் தரும் மூன்றெழுத்துச் சொல். ஆனால் அதற்கு வெகு முன்பே, 1774-ல், ஜப்பானில் சுகிதா கென்பாகு குழுவினர் டச்சு வழியாக வந்த உடற்கூறியல் நூலை மொழிபெயர்த்தபோது வேறொரு சொல்லை உருவாக்கியிருந்தார்கள்: 'ஷின்கெய்'. உயிராற்றலைக் குறிக்கும் எழுத்தையும், பாதையைக் குறிக்கும் எழுத்தையும் சேர்த்த சொல்.

இப்படி ஊருக்கு ஒரு டாக்டர், டாக்டருக்கு ஒரு சொல். குவாங்சோவில் படித்தவருக்கு ஃபூசோவில் அச்சான புத்தகம் குழப்பும். இது நமக்கும் பழக்கமான சிக்கல்தான். 'கை நரம்புல ஊசி போட்டாங்க' என்று வீட்டில் சொன்னால் அது ரத்தக்குழாய். பாடநூலில் நரம்பு என்றால் மூளையிலிருந்து கட்டளை கொண்டுபோவது. பேச்சில் பரவாயில்லை. அறுவை சிகிச்சை மேசையில் இந்தக் குழப்பம் உயிரை வாங்கும்.

அதனால் சீனாவில் இருந்த மிஷனரி மருத்துவர்கள் சங்கம் 1890-ல் கலைச்சொற்களுக்கென ஒரு குழு அமைத்தது. பழைய அகராதிகளில் தூங்கிக்கொண்டிருந்த, யாரும் பயன்படுத்தாத எழுத்துகளைத் தேடியெடுத்துப் புதுப் பொருள் கொடுத்தார்கள். கவுஸ்லாண்டின் ஆங்கில-சீன மருத்துவச் சொல்லகராதி வந்தது 1908-ல். ஆஸ்லர் சீனத்தில் வந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து. வரிசையைக் கவனியுங்கள்: முதலில் குழு, பிறகு அகராதி, அதன் பிறகே பெரிய பாடநூல்.

அத்தோடும் முடியவில்லை. ஜப்பானில் படித்துத் திரும்பிய சீன மாணவர்கள் ஜப்பானியச் சொற்களைக் கொண்டுவந்தார்கள். குழு பார்த்துப் பார்த்து உருவாக்கிய பல சொற்கள் தோற்றன. இன்று சீனத்தில் நரம்பு என்றால் 'ஷென்ஜிங்'. அதே ஜப்பானிய ஷின்கெய், அதே இரண்டு எழுத்துகள், சீன உச்சரிப்பில். கமிட்டி ஒரு சொல்லை முன்மொழியலாம். அது நிலைப்பதை முடிவு செய்வது அதை வைத்துப் படிக்கும், பேசும் மாணவர்கள்தான்.

இதெல்லாம் யாருக்காவது பயன்பட்டதா?

ஒருவரின் கதை நமக்குத் தெரியும். சீன இலக்கியத்தின் பெரும் பெயரான லூ சுன். சின்ன வயதில் நோயாளி அப்பாவுக்காக அடகுக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் அலைந்தவர். வைத்தியர் எழுதிக் கொடுத்தவை லேசில் கிடைக்காதவை: மூன்று வருடம் பனி பட்ட கரும்பு, ஜோடி பிரியாத சிள்வண்டுகள். அப்பா பிழைக்கவில்லை.

பிறகு நான்ஜிங்கில் படிக்கும்போது, ஹாப்சனின் அந்த உடற்கூறியல் நூல் சீன மொழியிலேயே அவர் கைக்குக் கிடைத்தது. அப்பாவுக்கு நடந்த வைத்தியத்தை இதோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, தாங்கள் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தார். அந்த உணர்வே தன்னை மருத்துவம் படிக்க ஜப்பானுக்கு அனுப்பியது என்று பின்னாளில் ஒரு முன்னுரையில் எழுதினார். 1904-ல் செண்டாய் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1906-ல் அதைப் பாதியில் விட்டு எழுத்துக்கு வந்தது வேறு கதை.

ஆங்கிலம் தெரிந்த பிறகு படித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தால், அந்த வயதில் அந்தப் புத்தகம் அவர் கைக்கு வந்தே இருக்காது.

ராக்ஃபெல்லர் பணம் மறுபடியும்

இப்போது முரண். ஆஸ்லர் நூலால் திறந்த ராக்ஃபெல்லர் பணப்பை சில வருடங்களில் சீனாவுக்கே வந்தது. 1914-ல் சீன மருத்துவ வாரியம் அமைக்கப்பட்டது. பெய்ஜிங்கில் அதுவரை சீன மொழியில் பாடம் நடத்திவந்த யூனியன் மருத்துவக் கல்லூரியை 1915-ல் வாங்கியது. ஜான்ஸ் ஹாப்கின்ஸை முன்மாதிரியாக வைத்துப் புதிய வளாகம் கட்டி 1921-ல் கோலாகலமாகத் திறந்தது. பாடமொழி? ஆங்கிலம்.

அவர்கள் சொன்ன காரணத்தையும் ஒதுக்க முடியாது. புதிய ஆராய்ச்சிகள் வேகமாக வருகின்றன, மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்க முடியாது, உலகத் தரத்தில் ஆசிரியர்கள் வேண்டும். அங்கே படித்தவர்கள் சீன மருத்துவத்தின் தலைவர்களாக வந்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் முதல் இருபது வருடங்களில் பட்டம் பெற்றவர்கள் சில நூறு பேர் மட்டுமே. நாட்டின் மக்கள்தொகையோ 40 கோடிக்கு மேல். சீன மொழிப் பாடநூல்கள் தேவைப்பட்டது மீதி எல்லா இடங்களிலும்தான்.

தமிழில் இது நடக்கவே இல்லையா?

நடந்திருக்கிறது, அதுவும் கவுஸ்லாண்டுக்கு முன்பே. யாழ்ப்பாணத்தில் 1847-ல் பணியைத் தொடங்கிய அமெரிக்க மிஷனரி டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், 1864 முதல் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மாணவர்களின் துணையோடு 'இரண வைத்தியம்', 'கெமிஸ்தம்' போன்ற நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். கெமிஸ்ட்ரியை 'கெமிஸ்தம்' என்று தமிழ் நாக்குக்குப் பழக்கியதைப் பாருங்கள். நேர் மொழிபெயர்ப்பும் இல்லை, அப்படியே ஒலிபெயர்ப்பும் இல்லை; நடுவில் ஒரு வழி.

1873-ல் அவர் ஊர் திரும்பினார். அதன் பிறகு தமிழ்வழி மருத்துவக் கல்வி நீடிக்கவில்லை. புத்தகங்கள் இருந்தன, திருத்தி அடுத்த பதிப்பு போட ஆள் இல்லை, அதை வைத்துப் பாடம் நடத்த வகுப்பும் இல்லை.

அப்போ முடியுமா, முடியாதா?

மொழியின் திறமை பற்றிய கேள்வியே இது இல்லை என்பதைத்தான் சீனாவும் மானிப்பாயும் காட்டுகின்றன. சீன மொழியால் முடிந்தது. 1860-களிலேயே தமிழாலும் முடிந்தது. வித்தியாசம் அதற்குப் பின்னால் இருந்த ஏற்பாட்டில்தான்.

அடுத்த முறை 'எம்பிபிஎஸ் பாடநூல் தமிழில் வெளியீடு' என்று போனில் நோட்டிஃபிகேஷன் வந்தால், கைதட்டும் முன்பும் கலாய்க்கும் முன்பும் மூன்று விஷயங்களைப் பாருங்கள். எல்லாப் பாடத்துக்கும் பொதுவான ஒரே கலைச்சொல் அகராதி இருக்கிறதா? ஆங்கிலத்தில் புதுப் பதிப்பு வரும்போது தமிழிலும் திருத்த நிரந்தரக் குழுவும் பணமும் ஒதுக்கியிருக்கிறார்களா? அந்தப் புத்தகத்தை வைத்துப் பாடம் நடத்தவும் தேர்வு எழுதவும் வகுப்பறை இருக்கிறதா?

மூன்றுக்கும் ஆம் என்றால், அந்தப் புத்தகத்துக்கு இரண்டாம் பதிப்பு வரும். இல்லையென்றால் அது விழா மேடையிலிருந்து நேராக நூலக அலமாரிக்குப் போகும்.