அளவுநாடாவின் இரு நுனிகள்



அளக்கத் தெரியாதவர் உலகில் எவரும் இலர் என்றே நாம் எண்ணியிருக்கிறோம். நாடாவை இழுக்கிறோம், எண்ணைப் படிக்கிறோம், தாளில் குறித்துக்கொள்கிறோம். இதில் கற்பதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கரும்பலகையில் நீளம், பரப்பு, கனஅளவு என்று எழுதிக் கற்பித்த நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஓய்வு பெற்ற பின், என் வீட்டுச் சுவரலமாரி ஒன்று அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது.

எங்கள் பழைய வீட்டைப் பிரித்தபோது என் தகப்பனார் காலத்துத் தேக்குப் பலகைகள் சில எஞ்சின. அவற்றுள் நீண்டதாகவும் பழுதற்றதாகவும் இருந்தது ஒன்றே. புதிய வீட்டின் சுவரில் அலமாரிக்கென விட்டிருந்த குழிவில் அதைப் புத்தகத் தட்டாகப் போடவேண்டும் என்பது என் ஆசை. தச்சருக்குச் சொல்லியனுப்பிவிட்டு, அவர் வருவதற்குள் நானே குழிவை அளந்தேன். உருக்கு நாடாவின் முனையை இடப்பக்கச் சுவரில் முட்டவைத்தேன். நாடா சுருண்டிருக்கும் பெட்டியின் முதுகை வலப்பக்கச் சுவரில் ஒட்டவைத்தேன். பெட்டியின் வாயருகே தெரிந்த எண்ணைப் படித்தேன். 113 செ.மீ. அதைச் சீட்டில் எழுதித் தச்சரிடம் கொடுத்தேன். அவர் பட்டறையில் பலகையை அறுத்து, இழைத்து, மெருகிட்டு எடுத்து வந்தார். குழிவில் வைத்துப் பார்த்தால், பலகைக்கும் சுவருக்கும் இடையே 7 செ.மீ. வெற்றிடம்!

"எழுதிக் கொடுத்தும் இப்படிச் செய்யலாமா, ஆசாரியாரே? இனி இந்தப் பலகைக்கு நான் எங்கே போவேன்?" என்று வீட்டார் எதிரில் உரத்த குரலில் கடிந்துகொண்டேன். அவர் மறுமொழி கூறவில்லை. என் சீட்டை எடுத்துக் காட்டினார்; பலகையை அளந்து காட்டினார். சரியாக 113 இருந்தது. பின்னர் என் நாடாவை வாங்கி, நான் எப்படி அளந்தேன் என்று கேட்டு, அப்படியே குழிவில் வைத்தார். "ஐயா, பெட்டியையும் சேர்த்துக் கூட்டினீர்களா?" என்றார். பெட்டியின் அடிப்பக்கத்தில், எறும்பு ஊர்வது போன்ற சிற்றெழுத்தில், 70 மி.மீ. என்று அச்சிட்டிருந்தது. அது பெட்டியின் நீளம். உள்ளளவு எடுக்கும்போது வாயில் தெரியும் எண்ணோடு அதைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே அங்கே பொறித்திருக்கிறார்கள். அந்த நாடா என்னிடம் ஆறு ஆண்டுகளாக இருந்தது. நான் ஒரு நாளும் அதைப் புரட்டிப் பார்த்ததில்லை.

கூலியைக் குறைக்காமல் கொடுத்தேன், மன்னிப்பும் கேட்டேன். ஆயினும் நாலு பேர் எதிரில் சொன்ன சொல்லைத் தனியே கேட்ட மன்னிப்பு ஈடுசெய்யாது என்று தோன்றியது. ஆகவே வீட்டாரை மீண்டும் அழைத்து, பிழை என்னுடையது என்று அவர்கள் எதிரிலேயே கூறினேன். அதன்பின் தச்சரைத் திண்ணையில் அமரச் செய்து, நாடா பிடிக்கக் கற்றுத் தரும்படி கேட்டேன். அவரிடம் கற்றதோடு எனக்குத் தெரிந்த கணக்கையும் சேர்த்து இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

அளவில் பெரும்பிழைகள் நாடாவின் நடுவில் பிறப்பதில்லை. இரு நுனிகளில்தான் பிறக்கின்றன. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதை அறியாமல் நடுவில் எவ்வளவு நேராகப் பிடித்தாலும் பயன் இல்லை.

முதலில் தொடக்க நுனியைப் பாருங்கள். உருக்கு நாடாவின் முனையில் வளைந்த தகட்டுக் கொக்கி ஒன்று உண்டு. அதை விரலால் அசைத்தால் முன்னும் பின்னும் சிறிது நகரும். இதைக் கண்டு, நாடா பழுதுபட்டது என்று கருதி, ஆணிகளைச் சுத்தியலால் தட்டி இறுக்கிவிடுபவர்கள் இருக்கிறார்கள். ஆசிரியர் ஒருவரே அவ்வாறு செய்ததை நான் கண்டிருக்கிறேன். அந்த அசைவு பழுதன்று; வேண்டுமென்றே வைத்தது. கொக்கியின் கனம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் என்று கொள்வோம். பலகையின் விளிம்பில் கொக்கியை மாட்டி இழுக்கும்போது அளவு கொக்கியின் உட்புறத்திலிருந்து தொடங்க வேண்டும். சுவரில் முட்டவைத்துத் தள்ளும்போதோ அதன் வெளிப்புறத்திலிருந்து தொடங்க வேண்டும். இவ்விரண்டு தொடக்கங்களுக்கும் உள்ள வேறுபாடு கொக்கியின் கனமே. ஆகவே கொக்கி தன் கனத்தின் அளவே நகரும்படி செய்திருக்கிறார்கள். இழுத்தாலும் தள்ளினாலும் பூச்சியம் தன் இடத்தில் நிற்கும். எவ்வளவு எளிய சூழ்ச்சி! இதைக் கண்டபோது, நல்ல வடிவகணிதத் தேற்றம் ஒன்றைப் புதிதாகப் படித்த மகிழ்ச்சி எனக்கு உண்டாயிற்று.

நாடாவைச் சடாரென்று விட்டு உள்ளே பாய்ந்தோடச் செய்வது பிள்ளைகளுக்கு விளையாட்டு. ஒவ்வொரு முறையும் கொக்கி பெட்டியில் மோதுகிறது, ஆணித்துளை தேய்ந்து அகலுகிறது, கொக்கியும் வளைகிறது. பின்னர்ப் பூச்சியம் பூச்சியமாக இராது. உங்கள் வீட்டு நாடாவைச் சோதிக்க எளிய வழி உண்டு. பள்ளிக்குக் கொண்டுபோகும் உருக்கு அளவுகோலை எடுங்கள். அதன் முனை சுவரில் முட்டும்படி மேசைமேல் வைத்து, அருகில் நாடாவையும் முட்டவைத்து 30 செ.மீ. கோடுகள் ஒன்றுபடுகின்றனவா என்று காணுங்கள். பிறகு கோலின் முனையில் கொக்கியை மாட்டி இழுத்துக் காணுங்கள். இரண்டு முறையும் ஒன்றுபட்டால் கொக்கி நலமாக இருக்கிறது. ஒன்றுபடாவிட்டால், தச்சர் செய்வதுபோல், கொக்கியை விட்டுவிட்டு 10 செ.மீ. கோட்டிலிருந்து அளந்து, வந்த எண்ணில் பத்தைக் கழியுங்கள். கழிக்க மறந்தால் பலகை பத்து நீளும். ஆகையால் அவர் அளப்பதற்கு முன்னரே சீட்டில் "கழி 10" என்று எழுதிவிட்டுத்தான் நாடாவைத் தொடுவார்.

இனி முடிவு நுனி. உருக்கு நாடா தட்டையாக இராமல், ஓலை மடிந்ததுபோலக் குறுக்கே சற்றுக் குழிந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒரு தாளை நீட்டிப் பிடித்தால் தொங்கும். அதையே குறுக்கே சிறிது வளைத்துப் பிடித்தால் நிமிர்ந்து நிற்கும். இந்த உண்மையைக் கொண்டு குழிந்த நாடாவை அமைத்து, அமெரிக்கரான ஃபாரண்ட் என்பவர் 1922-இல் காப்புரிமை பெற்றார். துணையாள் இன்றித் தனியொருவரே எட்ட இருக்கும் சுவரை அளக்க முடிவது இதனால்தான். ஆயினும் இக்குழிவால் ஒரு தொல்லையும் உண்டு. நாடாவின் விளிம்பு மரத்தைத் தொடாமல் சற்று மேலே நிற்கிறது. விளிம்பு இரண்டு மில்லிமீட்டர் உயர்ந்திருக்க, நீங்கள் பக்கவாட்டிலிருந்து 45 பாகைச் சரிவில் நோக்கினால், படிப்பதில் அதே இரண்டு மில்லிமீட்டர் பிழை வரும். இயற்பியல் வகுப்பில் இடமாறு தோற்றப் பிழை என்று படிக்கிறீர்களே, அது இதுதான். நாடாவைச் சற்றுச் சாய்த்து விளிம்பை மரத்தில் படியவைத்து, கண்ணைக் கோட்டுக்கு நேர் மேலே கொண்டுவந்து படியுங்கள்.

குறியிடும்போது மழுங்கிய பென்சிலால் தடித்த கோடு இடாதீர்கள். அக்கோட்டின் எந்த ஓரத்தில் அறுப்பது? கூரிய பென்சிலால் அம்பின் முனைபோல இரண்டு சிறு கோடுகள் ஒரு புள்ளியில் சேரும்படி இடுங்கள். அந்தப் புள்ளியே அளவு. இரம்பமும் தன் பங்கை உண்ணும் என்பதை மறவாதீர்கள். 240 செ.மீ. பலகையில் 60 செ.மீ. துண்டுகள் நான்கு கிடைக்கும் என்று கணக்குச் சொல்லும், இரம்பம் சொல்லாது. வெட்டு ஒன்றுக்கு 2 மி.மீ. மரம் தூளாகப் போனால், மூன்று வெட்டுக்கு 6 மி.மீ. போய்விடும். கடைசித் துண்டு அவ்வளவு குறையும். அதுபோலவே, ஒரு தூணில் பத்துத் தட்டுகளுக்குக் குறியிட வேண்டுமானால், ஒவ்வொரு குறியிலிருந்தும் அடுத்ததை அளந்து செல்லலாகாது. ஒவ்வொன்றிலும் அரை மில்லிமீட்டர் ஒரே பக்கமாகப் பிழைத்தால் பத்தாவதில் ஐந்து மில்லிமீட்டர் ஆகும். நாடாவை ஒரே முறை நீட்டி, ஒரே பூச்சியத்திலிருந்து எல்லாக் குறிகளையும் இடுங்கள்.

நடுவில் நேரும் பிழைகள் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்த்தேன். இரண்டு மீட்டர் தூரத்தை அளக்கையில் நாடாவின் ஒரு முனை 5 செ.மீ. மேலேறிச் சாய்ந்துவிட்டது என்போம். பைத்தகோரஸ் தேற்றப்படி மிகையாகக் காட்டுவது சுமார் 0.6 மி.மீ. மட்டுமே. ஆனால் அதே நாடா நடுவில் 5 செ.மீ. தொய்ந்து தொங்கினால் பிழை 3 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. சாய்வினும் தொய்வு பொல்லாதது! நாடாவை இழுத்துப் பிடியுங்கள். இயன்றால் தரையிலோ சுவரிலோ படியவிடுங்கள்.

வெயிலில் உருக்கு நீளும் என்பது உண்மையே. வில்லியம் லாம்ப்டன் 1802 ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலை அருகே தம் நில அளவைக்கான அடிப்படைக் கோட்டை, ஏறத்தாழ ஏழரை மைல் தூரம், 100 அடி உருக்குச் சங்கிலியால் அளந்தார். சங்கிலியை மரப் பெட்டிகளில் கிடத்தி, நிழல் அமைத்து, வெப்பமானிகளையும் வைத்தே அளந்தார். அவருக்கு அது தேவை. நூறு அடிச் சங்கிலி பத்துப் பாகை சூடேறினால் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் நீளும். அவ்வளவு தூரத்தில் அது பெருகிவிடும். உங்கள் இரண்டு மீட்டர் பலகைக்கோ அது கால் மில்லிமீட்டரும் இராது. அதை எண்ணிக் கவலைப்படுவது, அரிசி மூட்டையைப் பொன்தராசில் நிறுப்பது போன்றதே.

அலகுகளில் நேரும் குழப்பத்தையும் சொல்லவேண்டும். நம் நாட்டில் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1958 அக்டோபரிலிருந்து மெட்ரிக் அளவைகள் படிப்படியாக வந்தன. பள்ளியில் நாம் சென்டிமீட்டர் கற்கிறோம். தச்சுப் பட்டறையிலோ இன்றும் அடி, அங்குலம், நூல் என்றே பேச்சு. எட்டு நூல் ஓர் அங்குலம். ஐந்தடி மூன்று அங்குலம் ஐந்து நூல் என்று அவர் சொன்னால், அங்குலம் 25.4 மி.மீ. என்ற கணக்கில் அது 161.6 செ.மீ. நாடாவில் இரு அளவுகளும் இரு ஓரங்களில் இருப்பதால் கண் தாவிவிடும். அதைவிடக் கொடியது, 30 செ.மீ. கோலை "அடி ஸ்கேல்" என்று அழைத்து, அதையே ஓர் அடியாகக் கொள்வது. உண்மை அடி 30.48 செ.மீ. பத்தடிக்குள் வேறுபாடு 4.8 செ.மீ. ஆகிவிடும்! ஒரு வேலை முழுவதையும் ஒரே அலகில் முடியுங்கள்.

ஒரே நாடாவிலும் முடியுங்கள். சில நாடாக்களின் தொடக்கத்தில் ரோமானிய எண் ஒன்று பொறித்திருக்கும். அது ஐரோப்பிய முறையில் துல்லியத்தின் வகுப்பைக் குறிப்பது. இரண்டாம் வகுப்பு நாடா 5 மீட்டரில் 1.3 மி.மீ. வரை கூடவோ குறையவோ இருக்க இடம் உண்டு. ஆதலால் ஒரு நாடா கூடியும் மற்றொன்று குறைந்தும், இரண்டும் சட்டப்படி நல்லனவாகவே இருத்தல் கூடும்.

என் அலமாரிக் குழிவுக்குத் திரும்புகிறேன். உள்ளளவு எடுக்கத் தச்சர் காட்டிய வழி இது. இடச்சுவரிலிருந்து 60 செ.மீ. அளந்து பின்சுவரில் அம்புக்குறி இட்டார். பிறகு வலச்சுவரில் கொக்கியை முட்டவைத்து, அக்குறி வரை அளந்தார்; இரண்டையும் கூட்டினார். பெட்டியின் நீளத்துக்கு இதில் வேலையே இல்லை. அத்தோடு நில்லாமல் முன்புறம், பின்புறம், மேல், கீழ் என நான்கு இடங்களில் அளந்தார். பூசிய சுவர்கள் இரண்டு எங்கும் ஒரே தூரத்தில் நிற்பது அரிது. எனக்கு 120, 120.3, 120.4, 120.2 என்று வந்தன. தட்டு உள்ளே நுழைய வேண்டுமாதலால் அவற்றுள் மிகச் சிறியதையே கொள்ளவேண்டும்.

பலகையைக் காப்பாற்றும் வழியையும் அவரே கண்டார். பலகையை ஒட்டுப்போட்டு நீட்ட அவர் விரும்பவில்லை. குழிவைக் குறுக்கிவிடலாம் என்றார். மூன்றரை செ.மீ. கனமுள்ள மரச்சட்டங்கள் இரண்டை இருபுறச் சுவர்களிலும் நிறுத்தினால் இடையில் எஞ்சுவது 113 தானே! சுவர் விலகிய இடங்களில் பின்னால் சிறு சக்கை வைத்துக்கொள்ளலாம். சட்டங்களுக்கு உயரம் அளக்கும் நேரம் வந்தபோது நாடாவை என்னிடம் நீட்டினார். நான் அளந்து என் சீட்டில் எழுதி மடித்து வைத்துக்கொண்டேன். அவர் அதைப் பாராமல் தாமும் அளந்து, தம் சீட்டில் எழுதினார். இரண்டு சீட்டுகளையும் திண்ணைமேல் விரித்துப் பார்த்தோம். என்னுடையது 2 மி.மீ. மிகுந்திருந்தது. மீண்டும் இருவரும் அளந்தோம். ஒரே எண் வந்த பிறகே அவர் இரம்பத்தைக் கையில் எடுத்தார்.